ஒரே எண், இரண்டு பேர்: பட்டியல்கள் முதன்முதலாக ஒன்று சேரும்போது என்ன நடக்கிறது?

தவளக்குப்பத்தில் நடந்த குடிமக்கள் சேவை விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



கையில ஸ்மார்ட்போன் வச்சிருக்கிற எல்லாரிடமும் ஒரு கேள்வி. புது போன் வாங்கி, பழைய போனில் இருந்த பெயர்களையும் எண்களையும் அதுக்கு மாத்தியிருக்கீங்களா? மாத்தின பிறகு 'அம்மா' என்ற பெயர் மூணு தடவை வந்து நின்றிருக்கும். ஒண்ணு சிம் கார்டில் இருந்தது, ஒண்ணு பழைய போனில் இருந்தது, இன்னொண்ணு மின்னஞ்சல் கணக்கோடு வந்தது. மூணும் ஒரே அம்மாதான். ஆனா போனுக்கு அது தெரியாது.

சிலருக்கு இதுக்கு நேர்மாறா நடந்திருக்கும். 'முருகன்' என்று இரண்டு பேர். ஒருத்தர் எலக்ட்ரீஷியன், இன்னொருத்தர் பால்காரர். பெயர் ஒண்ணுதானே என்று ரெண்டையும் சேர்த்துவிட்டா, ரெண்டு பேரும் ஒரே ஆளா மாறிடுவாங்க. அப்புறம் பால் வேணும்னு போன் போட்டா, எலக்ட்ரீஷியன் எடுப்பார்.

போனில் நடந்தா இது சிரிச்சுட்டுப் போற விஷயம். இதே குழப்பம் வாக்காளர் பட்டியலிலோ, ரேஷன் அட்டைப் பட்டியலிலோ, முதியோர் உதவித்தொகைப் பட்டியலிலோ வந்தா? அங்கே ஒவ்வொரு வரியும் ஒரு ஆள். ஒரு வரியைத் தவறா அழிச்சா ஒருத்தரோட ஓட்டு போகும், ஒருத்தரோட உதவித்தொகை நிற்கும். அதனால்தான் இந்த விஷயத்தைக் கணினிப் பொறியாளர்களுக்கு மட்டும் என்று விட்டுவிடாமல் உங்களிடமும் பேச வந்திருக்கேன்.

மொய் நோட்டில் இருந்து தொடங்கலாம்

கல்யாண மண்டபத்தில் மொய் எழுதுறதைப் பார்த்திருப்பீங்க. கூட்டம் அதிகமா இருந்தா ரெண்டு மேசை போடுவாங்க. ஒவ்வொரு மேசையிலும் ஒரு நோட்டு. ரெண்டு நோட்டிலும் வரிசை எண் 1-லிருந்துதான் தொடங்கும். மறுநாள், "ரெண்டையும் ஒரே நோட்டா எழுதி வைங்க" என்று வீட்டுப் பெரியவர் சொல்றார். முதல் நோட்டை அப்படியே எழுதியாச்சு. ரெண்டாவது நோட்டைத் திறந்தா, முதல் வரியே எண் 1. அந்த எண்ணில் ஏற்கெனவே ஒருத்தர் இருக்கார். இப்ப என்ன செய்வீங்க?

பழையதை அடிச்சுட்டுப் புதியதை எழுதினா, மொய் வச்ச ஒருத்தர் காணாமல் போவார். புதியதை விட்டுட்டா இன்னொருத்தர் காணாமல் போவார். ரெண்டு பேரையும் ஒரே எண்ணில் எழுதி வச்சா, நாளைக்கு "1-ஆம் எண்ணில் யார்?" என்று கேட்டா பதில் இருக்காது. ஆக, மூணு வழியும் தப்பு.

சரியான வழி, எண்ணை விட்டுட்டு ஆளைப் பார்ப்பது. பெயர் என்ன, ஊர் எது, தொகை எவ்வளவு? ரெண்டும் வேறு வேறு ஆளா இருந்தா, முதல் மேசை, ரெண்டாவது மேசை என்று எண்ணோடு ஒரு அடையாளம் சேர்த்துக்கலாம். ஒரே ஆளோட மொய்யைத் தெரியாமல் ரெண்டு நோட்டிலும் எழுதியிருந்தா, விசாரிச்சுட்டு ஒண்ணை மட்டும் வச்சுக்கலாம்.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கு. நீங்க நோட்டை நகல் எடுத்துட்டு இருக்கும்போதே, கல்யாணத்துக்கு வர முடியாதவங்க வீட்டுக்கு வந்து மொய் குடுத்துட்டே இருக்காங்க. அதை எங்கே எழுதுறது? துண்டுச் சீட்டில் எழுதி ஒரு டப்பாவில் போட்டு வைக்கணும். பழைய நோட்டு முழுக்க நகல் எடுத்து முடிஞ்ச பிறகு, அந்தச் சீட்டுகளை வந்த வரிசையிலேயே எடுத்து எழுதணும். நகல் எடுக்கிற வேலை இழுத்துட்டே போனா, டப்பா நிரம்பி வழியும்.

இந்தக் கதையை மனசில் வச்சுக்குங்க. கணினியில் நடப்பது ஏறக்குறைய இதுவேதான்.

கணினிக்குள் நடப்பது

அரசுத் துறைகளும் வங்கிகளும் தகவல்களைத் தரவுத்தளம் என்ற மென்பொருளில் வைத்திருக்கின்றன. போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்பது உலகம் முழுவதும் பயன்படும் ஒரு தரவுத்தளம். 1986-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆய்வில் இருந்து வளர்ந்தது. காசு கொடுக்காமல் யாரும் பயன்படுத்தலாம், உள்ளே எப்படி இயங்குகிறது என்பதையும் யாரும் பார்க்கலாம். இப்படிப்பட்ட திறந்த மூல மென்பொருளை அரசுப் பணிகளில் பயன்படுத்துவதற்கான கொள்கையை இந்திய அரசு 2015-இல் வெளியிட்டது.

ஒரு தரவுத்தளத்தில் இருப்பதை இன்னொன்றுக்குத் தொடர்ந்து அனுப்பி, இரண்டையும் ஒரே நிலையில் வைத்திருப்பதற்கு ரெப்ளிகேஷன் என்று பெயர். இதில் லாஜிக்கல் ரெப்ளிகேஷன் என்பது ஒரு வகை. வட்டில் இருப்பதை அப்படியே அச்சு எடுப்பது போல இல்லாமல், "இந்த வரி சேர்ந்தது, இந்த வரி மாறியது, இந்த வரி நீங்கியது" என்று ஒவ்வொரு மாற்றமாக எடுத்துச் சொல்வது. போஸ்ட்கிரெஸ்கியூஎல்-இல் 2017 அக்டோபரில் வந்த 10-ஆம் பதிப்பில் இருந்து இந்த வசதி உள்ளேயே இருக்கிறது.

இதில் இரண்டு கட்டம் உண்டு. முதலில், அனுப்பும் பக்கத்தில் இருக்கும் அட்டவணையை மொத்தமாக நகல் எடுத்துப் பெறும் பக்கத்தில் நிரப்பும். இதுதான் முதல் ஒத்திசைவு. அதுக்குப் பிறகு வரும் மாற்றங்களை மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும். மொய் நோட்டு முதலில், துண்டுச் சீட்டு பிறகு. அதே வரிசைதான்.

மோதல் பெரும்பாலும் முதல் கட்டத்தில்தான் வெடிக்கும். பெறும் பக்கத்து அட்டவணை காலியாக இருந்தா பிரச்சினை இல்லை. அங்கே ஏற்கெனவே 1045 என்ற எண்ணில் ஒரு வரி இருந்து, வரும் நகலிலும் 1045 இருந்தா, தரவுத்தளம் உடனே நிறுத்திவிடும். ஒரு எண் ஒரு முறைதான் வரலாம் என்று அதுக்கு விதி போட்டு வச்சிருக்கோம். அந்த விதியை மீற அது சம்மதிக்காது.

நிறுத்துவது அந்த ஒரு வரியை மட்டும் இல்லை. ஒரு அட்டவணையின் முதல் நகல் என்பது முழுசாக முடியணும், இல்லை என்றால் ஒன்றுமே நடக்காத மாதிரி திரும்பிவிடணும். பத்து லட்சம் வரி கொண்ட அட்டவணையில் கடைசி வரி மோதினாலும் மொத்தமும் ரத்து. வழக்கமான அமைப்பில் ஏறக்குறைய 5 விநாடி கழித்து மறுபடி முதலில் இருந்து முயற்சி செய்யும். மறுபடி அதே வரியில் முட்டும். யாரும் கவனிக்கவில்லை என்றால் ராத்திரி முழுக்க முட்டிக்கொண்டே இருக்கும்.

இதைப் பார்த்து எரிச்சல் படாதீங்க. அது பிடிவாதம் பிடிக்கிறது நம்ம நன்மைக்குத்தான். "இந்த எண்ணில் ரெண்டு பேர் இருக்காங்க, இவங்களில் யார் உண்மை என்று எனக்குத் தெரியாது, தெரிஞ்சவங்க யாராவது வந்து சொல்லுங்க" என்று அது கேட்கிறது. கேட்காமலேயே ஒருத்தரை அழிச்சுட்டு அடுத்த வேலைக்குப் போற கணினிதான் ஆபத்தானது.

நாடு முழுவதும் நடந்த ஒரு உதாரணம்

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. நம்ம எல்லாரோட சட்டைப் பையிலும் இருக்கிற வாக்காளர் அடையாள அட்டையில் இதே சிக்கல் வந்தது. அதில் மூன்று எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்ட ஒரு எண் இருக்கும். எபிக் எண் என்று சொல்வோம். 2025 தொடக்கத்தில், வேறு வேறு மாநிலங்களில் இருக்கும் வாக்காளர்கள் சிலருக்கு ஒரே எபிக் எண் இருப்பது பெரிய பேச்சானது.

2025 மார்ச் 2-ஆம் தேதி இந்தியத் தேர்தல் ஆணையம் அதற்கு விளக்கம் கொடுத்தது. எல்லா மாநிலங்களின் வாக்காளர் தரவுகளும் ஈரோநெட் என்ற ஒரே தளத்துக்கு மாறுவதற்கு முன்பு, ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக, கையால் செய்யும் முறையில் எண்களை வழங்கி வந்தன. அப்போது சில மாநிலங்கள் ஒரே எழுத்து எண் வரிசையைப் பயன்படுத்திவிட்டன. எண் ஒன்றாக இருந்தாலும் அவர்களின் பெயர், தொகுதி, வாக்குச்சாவடி எல்லாம் வேறு. ஒவ்வொருவரும் தன் பெயர் இருக்கும் வாக்குச்சாவடியில் மட்டுமே ஓட்டுப் போட முடியும் என்று ஆணையம் சொன்னது. மூன்று மாதத்தில் இதைத் தீர்ப்பதாக மார்ச் 7-ஆம் தேதி அறிவித்தது.

ரெண்டு மேசை, ரெண்டு நோட்டு, ரெண்டிலும் எண் 1. மொய் நோட்டுக் கதை அப்படியே வருதா? நோட்டுகள் தனித்தனியாக இருந்த வரைக்கும் யாருக்கும் தெரியவில்லை. அருகருகே வச்சுப் பார்க்கும்போதுதான் தெரிஞ்சது. சேர்க்கும் வேலை இந்தக் குழப்பத்தை உண்டாக்கவில்லை. பல ஆண்டாக உள்ளே இருந்த குழப்பத்தை வெளியே கொண்டு வந்தது, அவ்வளவுதான்.

தீர்வு எப்படி வந்தது என்பதுதான் இதில் முக்கியம். 2025 மே மாதம் வெளியான தகவல்படி, 36 மாநிலங்கள் மற்றும் யூனியன் பிரதேசங்களிலும், 4,123 சட்டமன்றத் தொகுதிகளிலும், 99 கோடிக்கும் மேற்பட்ட வாக்காளர்களின் பதிவுகள் ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டன. நேரில் போய் விசாரித்தபோது, ஒரே எண் கொண்டவர்கள் வேறு வேறு இடங்களில் வசிக்கும் உண்மையான வாக்காளர்கள் என்று தெரிந்தது. அவர்களுக்குப் புதிய எண்ணோடு புதிய அட்டை வழங்கப்பட்டது.

அதாவது எண்தான் மாறியது. ஆள் அப்படியே பட்டியலில் இருந்தார். "ஒரே எண் ரெண்டு தடவை வருது, ஒண்ணை நீக்கு" என்று கணினிக்கு ஒரு வரிக் கட்டளை போட்டிருந்தா, ஒரு தப்பும் செய்யாத வாக்காளர் ஓட்டை இழந்திருப்பார்.

நம்ம ஊரில் இதன் மறுபக்கம்

ஒரே எண்ணில் இரண்டு பேர் என்பது ஒரு வகை. ஒரே ஆளுக்கு இரண்டு பதிவு என்பது இன்னொரு வகை. நம்ம பகுதியில் இந்த ரெண்டாவதுக்கு இடம் அதிகம்.

தவளக்குப்பம் சந்திப்பில் இருந்து கடலூர் சாலையில் தெற்கே போங்க. முள்ளோடை தாண்டினா கடலூர் மாவட்டம், தமிழ்நாடு. புதுச்சேரியின் நிலம் தமிழ்நாட்டோடு பின்னிப் பிணைஞ்சு கிடக்கிறது. பெண் எடுப்பதும் கொடுப்பதும், வேலைக்குப் போவதும், வாடகைக்கு வீடு பார்ப்பதும் எல்லை பார்த்து நடப்பதில்லை. கடலூர் பக்கத்தில் பிறந்து தவளக்குப்பத்துக்கு மருமகளாக வந்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டுப் பக்கம் ஒரு பதிவும், புகுந்த வீட்டுப் பக்கம் ஒரு பதிவும் இருக்கலாம். அதில் கெட்ட நோக்கம் ஒன்றும் இல்லை. இங்கே பெயரைச் சேர்த்தாங்க, அங்கே எடுக்கச் சொல்ல யாருக்கும் தோணவில்லை.

ரெண்டாவது காரணம், எழுத்து. புதுச்சேரியில் 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு நிர்வாகம். அந்தக் காலப் பதிவேடுகளில் நம்ம பெயர்களைப் பிரெஞ்சு உச்சரிப்புக்கு ஏற்ற மாதிரி எழுதினாங்க. அந்தப் பழக்கம் பல குடும்பங்களில் இன்னும் இருக்கு. தமிழ்நாட்டில் 'முருகன்' என்பதை ஆங்கில எழுத்தில் 'எம்', 'யூ' என்று தொடங்குவாங்க. இங்கே சிலர் 'எம்', 'ஓ', 'யூ' என்று எழுதிக் கடைசியில் 'இ' போட்டு முடிப்பாங்க. நமக்குப் படிச்சா ரெண்டும் முருகன்தான். கணினிக்கு அது ரெண்டு ஆள். இதோடு முன்னெழுத்தை ஒரு இடத்தில் முன்னாலும் இன்னொரு இடத்தில் பின்னாலும் போட்டா, மூணாவது ஆளும் பிறந்துவிடுவார்.

முதல் வகையில் கணினி முட்டி நிற்கும், நமக்குத் தெரியும். ரெண்டாவது வகையில் அது முட்டவே முட்டாது. எண் வேறு, எழுத்து வேறு என்பதால் சத்தமில்லாமல் உள்ளே விட்டுவிடும். அதனால் ரெண்டாவது வகையைக் கண்டுபிடிக்கப் பொறியாளரை விட அந்த ஆளே பொருத்தமானவர். அதாவது, நீங்க.

பொறியாளர்கள் எப்படிச் சரிசெய்கிறார்கள்?

கூட்டத்தில் கணினி படிக்கிற பிள்ளைகள் இருக்கீங்க, அலுவலகங்களில் தரவு உள்ளீடு செய்யறவங்களும் இருக்கீங்க. இந்தப் பகுதி குறிப்பா உங்களுக்கு. மத்தவங்களும் கேளுங்க, பின்னாடி நின்னு என்ன செய்யறாங்க என்று தெரிஞ்சா நல்லதுதான்.

முதல் வேலை, பதிவுக் குறிப்பைப் படிப்பது. எந்த அட்டவணை, எந்த விதி, எந்த எண் என்று மூன்றையும் தரவுத்தளமே பிழைச் செய்தியில் எழுதி வைக்கும். ஒவ்வொரு அட்டவணையும் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதையும் ஒற்றை எழுத்தில் குறித்து வைக்கும். 'ஐ' என்றால் தொடக்கம், 'டி' என்றால் நகல் ஓடுகிறது, 'ஆர்' என்றால் தயார். எல்லாம் 'ஆர்' ஆகி ஒன்று மட்டும் 'டி'-யிலேயே வெகுநேரம் நின்றால், அதைத் திறந்து பார்க்கணும். 2022 அக்டோபரில் வந்த 15-ஆம் பதிப்பில் இருந்து, முதல் நகலில் எத்தனை பிழை, பிறகு வரும் மாற்றங்களில் எத்தனை பிழை என்று தனித்தனியாக எண்ணிக்கையும் கிடைக்கிறது.

ரெண்டாவது, முட்டலை நிறுத்துவது. பிழை வந்தால் தானாகவே நின்றுவிடும்படி அமைக்க அதே 15-ஆம் பதிப்பில் வழி உண்டு. ஆனா நிறுத்தி வச்சுட்டு மறந்துடக் கூடாது. நிறுத்தி வைத்த நேரத்தில் அனுப்பும் பக்கம் மாற்றங்களைத் துண்டுச் சீட்டாகச் சேர்த்துக்கொண்டே இருக்கும். வட்டு நிரம்பிவிட்டா அந்தப் பக்கத்துச் சேவையே நின்றுபோகலாம்.

மூணாவது, காரணத்தைப் பிரிப்பது. வழக்கமா நான்கு காரணம் இருக்கும். ஒன்று, யாரோ ஏற்கெனவே ஒரு பழைய நகலைப் பெறும் பக்கத்தில் ஏற்றி வச்சிருப்பாங்க. இரண்டு, பெறும் பக்கத்திலேயே நேரடியாகப் புது வரிகளைச் சேர்த்திருப்பாங்க. மூன்று, இரண்டு அலுவலகங்கள் ஒரே எண் வரிசையைப் பயன்படுத்தியிருக்கும். நான்கு, அனுப்பும் பக்கத்தில் இல்லாத ஒரு கூடுதல் விதி பெறும் பக்கத்தில் இருக்கும். உதாரணமா, ஒரு கைப்பேசி எண்ணை ஒருத்தர்தான் பயன்படுத்தலாம் என்ற விதி. வீட்டில் ஒரே போன் வச்சிருக்கிற குடும்பத்துக்கு அது எப்படிப் பொருந்தும்?

நாலாவதாகத்தான் தீர்வு. காரணத்துக்குத் தகுந்த மாதிரி அது மாறும். பெறும் பக்கத்தில் இருப்பது வெறும் பழைய நகல் என்று உறுதியாகத் தெரிந்தால், அந்த அட்டவணையைக் காலி செய்துவிட்டு மறுபடி நகல் எடுக்க விடலாம். காலி செய்வதற்கு முன்னால் ஒரு பிரதி எடுத்து வைப்பது கட்டாயம். இரண்டு பக்கமும் ஏற்கெனவே முழுக்க ஒன்றாக இருந்தால், முதல் நகலை விட்டுவிட்டு மாற்றங்களை மட்டும் வாங்கும்படி அமைக்கலாம். ஆனா ஒப்பிட்ட நேரத்துக்கும் இணைத்த நேரத்துக்கும் நடுவில் எந்த மாற்றமும் நடக்காமல் பார்த்துக்கணும். இரண்டு அலுவலக எண் மோதினால், எண்ணோடு அலுவலகக் குறியீட்டையும் சேர்த்து அடையாளமாக்கணும், அல்லது ஒரு தரப்புக்குப் புது எண் கொடுக்கணும். தேர்தல் அட்டையில் நடந்தது இந்தக் கடைசி வழிதான்.

செய்யக் கூடாதவை ரெண்டு. ஒரு எண் ஒரு முறைதான் என்ற விதியை எடுத்துவிட்டு வேலையை முடிக்கக் கூடாது. அப்படிச் செய்தா கணினி அமைதியாகிவிடும், பட்டியல் கெட்டுப்போகும். அடுத்தது, 'தாண்டிப் போ' என்ற கட்டளை. 15-ஆம் பதிப்பில் இருக்கும் அந்த வசதி பிறகு வரும் மாற்றங்களுக்கானது, முதல் நகலின் மோதலுக்கு அது உதவாது. மாற்றங்களிலும் கூட, மோதும் ஒரு வரியை மட்டும் அது தாண்டாது. அதோடு ஒரே கட்டாக வந்த நல்ல வரிகளையும் சேர்த்து விட்டுவிடும்.

கடைசியா, ரெண்டு பக்கமும் எண்ணிக்கையை ஒப்பிட்டு, சில வரிகளைக் கண்ணால் பார்த்துச் சரிபார்க்கணும். பழைய தளத்தை மூடிவிட்டுப் புதிய தளத்துக்கு மாறுவதாக இருந்தால் இன்னொன்றும் உண்டு. அடுத்த எண் என்ன என்று நினைவில் வைத்திருக்கும் எண்ணியை, இன்று பரவலாகப் பயன்படும் பதிப்புகளில் லாஜிக்கல் ரெப்ளிகேஷன் கொண்டு வராது. அதைக் கையால் முன்னால் நகர்த்தி வைக்கணும். மறந்தால், புதிய தளம் மறுபடி 1-லிருந்து எண் கொடுக்கத் தொடங்கி, முதல் விண்ணப்பமே மோதி நிற்கும்.

சட்டமும் அதே இடத்தில் நிறுத்துகிறது

கணினி நிறுத்திக் கேட்கிற மாதிரியே சட்டமும் நிறுத்திக் கேட்கிறது. 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 17, 18-ஆம் பிரிவுகள்படி, ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட தொகுதியிலோ, ஒரே தொகுதியில் ஒன்றுக்கு மேற்பட்ட முறையோ வாக்காளராக இருக்க முடியாது. இது 'ஒரு எண் ஒரு முறை' என்ற விதியைப் போன்றது. அதே சட்டத்தின் 22-ஆம் பிரிவோ, ஒருவர் அந்தத் தொகுதியில் வசிக்கவில்லை அல்லது அவருக்குத் தகுதி இல்லை என்ற காரணத்தால் பெயரை நீக்குவதற்கு முன், அவர் தன் தரப்பைச் சொல்ல நியாயமான வாய்ப்புத் தரவேண்டும் என்கிறது. விதியும் வேணும், விசாரணையும் வேணும். ஒண்ணை மட்டும் வச்சுக்கிட்டா அநியாயம் ஆகிடும்.

அந்த வாய்ப்பு வரும்போது நீங்க பதில் சொல்லணும். 2025 நவம்பர் 4-ஆம் தேதி புதுச்சேரியிலும் தமிழ்நாட்டிலும் ஒரே நேரத்தில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. எல்லைக்கு ரெண்டு பக்கமும் பெயர் இருந்தவங்களுக்கு, எந்த இடத்தில் தொடர்வது என்று முடிவெடுக்க வேண்டிய நேரம் அது. வீட்டுக்கு வரும் படிவத்தையும், கையில் தரும் நோட்டீஸையும் அலமாரியில் செருகி வச்சுட்டா, உங்க சார்பில் பதில் சொல்ல வேற யாரும் இல்லை.

நீங்க என்ன செய்யலாம்?

போனைக் கையில் எடுத்துக்குங்க. ஒவ்வொன்றாகச் சொல்றேன்.

1. தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவை இணையதளத்தில் உங்க எபிக் எண்ணைப் போட்டுத் தேடுங்க. பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், தொகுதி, வாக்குச்சாவடி எல்லாம் உங்களுடையதுதானா என்று பாருங்க. பிறகு எண் இல்லாமல், பெயரையும் பிறந்த தேதியையும் போட்டு இன்னொரு தடவை தேடுங்க. முதல் தேடல் 'ஒரே எண், ரெண்டு பேர்' சிக்கலைக் காட்டும். ரெண்டாவது தேடல் 'ஒரே ஆள், ரெண்டு பதிவு' சிக்கலைக் காட்டும். முன்பு தமிழ்நாட்டில் வசித்தவங்க அந்த மாநிலத்தையும் தேர்ந்தெடுத்துத் தேடுங்க.

2. வீடு மாறியிருந்தா படிவம் 8. மாநிலம் விட்டு மாநிலம் வந்தாலும் அதேதான். படிவம் 6 என்பது முதன்முறையாக வாக்காளர் ஆகிறவங்களுக்கு. ஏற்கெனவே பெயர் இருக்கிறவங்க படிவம் 6 கொடுத்தா, பழைய பதிவு அங்கேயே இருக்க, இன்னொரு பதிவு இங்கே பிறக்கும். ரெட்டைப் பதிவு உருவாகிற பழைய வழி இதுதான். வேறு எங்கும் பெயர் இல்லை என்று தெரிந்தே பொய்யாக உறுதிமொழி கொடுத்தா, அதே சட்டத்தின் 31-ஆம் பிரிவுப்படி ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

3. உங்க எண்ணில் வேறு யாராவது இருந்தா பயப்பட வேண்டாம். உங்க பகுதி வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் சொல்லுங்க, அல்லது 1950 என்ற எண்ணுக்கு அழையுங்க. புது எண் கொடுத்தா வாங்கிக்குங்க. எண் மாறுவதால் உங்க ஓட்டுரிமை மாறாது.

4. பெயரை ஒரே மாதிரி எழுதுங்க. ஆதார், ரேஷன் அட்டை, வங்கிக் கணக்கு, வாக்காளர் அட்டை நான்கையும் ஒரு மேசையில் வச்சுப் பாருங்க. பிரெஞ்சு முறையோ ஆங்கில முறையோ, எதுவா இருந்தாலும் பரவாயில்லை. நாலிலும் ஒண்ணா இருந்தா போதும். முன்னெழுத்தும் பிறந்த தேதியும் அதே மாதிரி.

5. ஏதாவது இணையச் சேவையில் "ஏற்கெனவே பதிவு உள்ளது" என்று வந்தா, மறுபடி மறுபடி விண்ணப்பிக்காதீங்க. ஒரு எழுத்தை மாத்திப் போட்டு உள்ளே நுழையவும் பார்க்காதீங்க. அந்த ஒரு எழுத்து உங்களை ரெண்டு ஆளாக்கிடும். திரையைப் படம் பிடிச்சுக்குங்க, விண்ணப்ப எண்ணையும் தேதியையும் குறிச்சுக்குங்க, அதோடு அந்த அலுவலகத்துக்குப் போங்க. எந்த எண்ணில் மோதுகிறது என்று தெரிந்தா, அவங்க தேடுற நேரம் பாதியாகும்.

6. "உங்க அட்டை டூப்ளிகேட்டா இருக்கு, சரிசெய்ய ஓடிபி சொல்லுங்க" என்று யாராவது போன் பண்ணினா வச்சுடுங்க. உங்க பதிவைத் திருத்துறதுக்கு எந்த அலுவலரும் போனில் ஓடிபி கேட்க மாட்டார்.

இந்த ஆறையும் செய்ய அரை மணி நேரம் போதும். வீட்டில் வயசானவங்க இருந்தா அவங்க பதிவையும் சேர்த்துப் பாருங்க. போன் இல்லாத பக்கத்து வீட்டுக்காரர் இருந்தா அவருக்கும் ஒரு தடவை தேடிக் குடுங்க. பட்டியல்கள் ஒண்ணு சேர்றது இனிமேலும் நடந்துகொண்டேதான் இருக்கும். இன்றைக்கு ஒரு துறை, நாளைக்கு இன்னொரு துறை. ஒவ்வொரு தடவையும் கணினி எங்கேயாவது முட்டி நின்னு, "இது யார்?" என்று கேட்கும். அந்த நேரத்தில் சரியான பதில் பட்டியலிலேயே இருக்கும்படி, இன்றைக்கே உங்க வரியை நீங்க சரிபார்த்து வச்சுடுங்க.

சந்தேகம் இருக்கிறவங்க அட்டையை எடுத்துட்டு முன்னாடி வாங்க, சேர்ந்தே தேடிப் பார்க்கலாம்.